குமரி மாவட்டமும் புற்றுநோய்க் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் துக்க வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை: "நம்ம ஊர்லதான் கேன்சர் அதிகம்." மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து புற்றுநோய் விவரங்களை எடுத்து எழுதும் வேலையில் இருப்பதால் என்னிடமும் பலர் இதைக் கேட்கிறார்கள். பயத்தோடு கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மருத்துவ ஆலோசனைக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். எண்களை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மருத்துவமனைப் பதிவேடு, மக்கள்தொகைப் பதிவேடு என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

மருத்துவமனைப் பதிவேடு ஒரு குறிப்பிட்ட மருத்துவமனைக்கு வந்த புற்றுநோயாளிகளைப் பதிவு செய்கிறது. எந்த உறுப்பில் நோய், எந்த நிலையில் வந்தார், என்ன சிகிச்சை, பிறகு என்ன ஆனார் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கும். மக்கள்தொகைப் பதிவேடு ஒரு எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் குடியிருக்கும் யாருக்கு நோய் வந்தாலும், அவர் எங்கே சிகிச்சை எடுத்தாலும், தேடிப் பிடித்து ஒரே ஒரு முறை எண்ணுகிறது.

கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையில் ஏறிய மீனை எண்ணினால் அந்த மடியைப் பற்றித் தெரியும். கடலில் எந்த மீன் எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மருத்துவமனைக் கணக்கும் அப்படித்தான்.

இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அமைப்பின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981 இறுதியில் தொடங்கியபோதே இரண்டு வகையும் இருந்தன. சென்னை, பெங்களூரு, மும்பை நகரங்களில் மக்கள்தொகைப் பதிவேடு. திருவனந்தபுரம், சண்டிகர், திப்ருகர் ஆகிய ஊர்களில் மருத்துவமனைப் பதிவேடு. தமிழகம் முழுவதையும் எண்ணும் பதிவேட்டுத் திட்டம் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் துணையோடு 2012-ல் வந்தது.

அப்படியானால் குமரியில் அதிகமா, இல்லையா?

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்து இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது தவறு. யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களின் வயது என்ன, நோயாளியின் உண்மையான முகவரி எது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விகிதம் கிடைக்கும்.

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. ஆனால் தலையை எண்ணினால் போதாது, வயது மிக முக்கியம். புற்றுநோய் பெரும்பாலும் வயதோடு கூடும் நோய். குமரியில் பிறப்பு விகிதம் வெகு காலத்துக்கு முன்பே குறைந்துவிட்டது. இளையவர்களில் பலர் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்கிறார்கள். ஊரில் முதியவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

கணக்குக்காக இரண்டு ஊராட்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 10,000 பேர். முதல் ஊராட்சியில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2,000 பேர், இரண்டாவதில் 1,000 பேர். 60-க்கு மேல் ஆண்டுக்கு 1,000 பேரில் 5 பேருக்கும், அதற்குக் கீழே 2,000 பேரில் ஒருவருக்கும் நோய் வருகிறது என்று வைப்போம். முதல் ஊராட்சியில் ஆண்டுக்கு 14 பேர். இரண்டாவதில் 9 அல்லது 10 பேர். எந்த வயதிலும் ஆபத்து இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனாலும் முதல் ஊரில் "இங்கே ஏதோ இருக்கிறது" என்ற பேச்சு கிளம்பிவிடும். இதைச் சரிசெய்யத்தான் வயதுக்கேற்ப சீராக்கிய விகிதம் என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு மாவட்டங்களை ஒப்பிடும் செய்தி எதைப் படித்தாலும், அது வயதைச் சீராக்கிய விகிதமா என்று முதலில் பாருங்கள். அந்தச் சொல்லே இல்லாத செய்தியை வைத்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. படிப்பறிவு 90 சதவீதத்தைத் தாண்டிய மாவட்டம் இது. பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் ஏதாவது ஒரு மருத்துவமனை. சந்தேகம் வந்தால் ஸ்கேன், பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) எடுத்துவிடுகிறார்கள். மருத்துவ வசதி குறைந்த மாவட்டத்தில் "வயித்துவலி வந்து செத்தார்" என்று முடிந்துபோவது, இங்கே பெயரோடு பதிவாகிறது.

எங்கள் ஊரிலிருந்து பாதிப் பேர் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறோம். அந்தக் கணக்கு எங்கே போகும்?

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் இதுதான். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சென்னை நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர் அளவு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி. உறவும் வழியும் மொழிப் பழக்கமும் அந்தப் பக்கம் இருப்பதால், 1981-ல் அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்சிசி) வந்த பிறகு விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மக்கள் "ஆர்சிசிக்குப் போ" என்று சொல்வது இயல்பாகிவிட்டது. மற்றவர்கள் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் போகிறார்கள், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள், மதுரை, வேலூர், அடையாறு என்றும் போகிறார்கள்.

இதன் விளைவு இரண்டு பக்கமும் இருக்கும். நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றின் கணக்கை மட்டும் பார்த்தால் குமரியின் நோயாளிகள் குறைவாகத் தெரிவார்கள். எல்லா மருத்துவமனைகளையும் கூட்டினால், மூன்று இடத்தில் அட்டை போட்ட ஒருவரே மூன்று பேராகத் தெரிவார். பயாப்சி ஓரிடம், ஆபரேஷன் ஓரிடம், கீமோ இன்னோரிடம் என்று போகும் நோயாளி இங்கே அரிதல்ல. பெயர், வயது, முகவரி, நோய் கண்ட தேதி, உறுப்பு எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து மறுபதிவை நீக்குவதில்தான் எங்கள் நேரம் பெரும்பாலும் போகிறது.

முகவரி ஒரு தனித் தலைவலி. "விளை" என்றும் "கோடு" என்றும் முடியும் ஊர்ப்பெயர்கள் மாவட்டம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. வெளியூர் மருத்துவமனையில் கேட்டால், தெரிந்த பெயராக இருக்கட்டும் என்று பலரும் "நாகர்கோவில்" என்று சொல்லிவிடுகிறார்கள். வள்ளவிளைக்காரரும் பூதப்பாண்டிக்காரரும் காகிதத்தில் நாகர்கோவில்காரர் ஆகிவிடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுப்பவர் அந்த வீட்டு முகவரியைக் கொடுத்தால், அவர் மாநிலமே மாறிவிடுவார். கடற்கரையா, மலையோரமா, ரப்பர்த் தோட்டப் பகுதியா என்று பிரித்துப் பார்க்க நினைக்கும் எவருக்கும் இந்தத் தவறு பெரிய இழப்பு.

மருத்துவமனையில் ஆண்டுக்கு ஆண்டு நோயாளிகள் கூடுகிறார்கள். நோய் கூடுகிறது என்றுதானே பொருள்?

ஒரு பகுதி உண்மைதான். மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், வாழ்க்கை முறையும் மாறியிருக்கிறது. ஆனால் புதிய கதிர்வீச்சுக் கருவி வந்தாலும், நல்ல அறுவை மருத்துவர் வேலைக்குச் சேர்ந்தாலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை சேர்ந்தாலும் கூட்டம் கூடும். ரத்தப் புற்றுக்குத் தனிப் பிரிவு இல்லாத இடத்தில் அந்த நோயாளிகள் பதிவேட்டிலேயே தெரிய மாட்டார்கள். அதை வைத்து ஊரில் ரத்தப் புற்று இல்லை என்று சொல்ல முடியுமா?

சதவீதம் போட்டுச் சொல்கிறார்களே, அது நம்பலாமா?

எதன் சதவீதம் என்று கேளுங்கள். ஒரு மருத்துவமனைக்குச் சென்ற ஆண்டு 100 பேர் வந்து, அதில் 30 பேருக்கு வாய்ப் புற்று என்று வைப்போம். இந்த ஆண்டு 150 பேர் வந்தார்கள், வாய்ப் புற்று அதே 30. "வாய்ப் புற்று 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது" என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு வாய்கூடக் காப்பாற்றப்படவில்லை.

ஆண்களுக்கு எது, பெண்களுக்கு எது அதிகம் வருகிறது?

பெண்களில் மார்பகப் புற்று முதலிடம். பக்கத்துத் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் அதுதான் நிலை. கருப்பைவாய்ப் புற்று தமிழகத்தில் பல பத்தாண்டுகளாக இறங்கி வருகிறது, ஆனாலும் முக்கியமான இடத்தில்தான் இருக்கிறது. ஆண்களில் வாய், நுரையீரல், வயிறு, குடல், புராஸ்டேட் ஆகியவை முன்வரிசை. வரிசை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

தைராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளத்தின் தெற்குப் பகுதியில் பெண்களிடம் இது அதிகமாகப் பதிவாகிறது, நம் பக்கத்துப் பெண்கள் பலரும் கழுத்து ஸ்கேன் முடிவோடு பதறி வருகிறார்கள். ஸ்கேன் கூடினால் தைராய்டுப் புற்றின் எண்ணிக்கை ஏறும் என்பதற்குத் தென்கொரியா பெரிய சான்று. 1993-க்கும் 2011-க்கும் இடையே அங்கே இது 15 மடங்கு கூடியது, ஆனால் இந்நோயால் இறந்தவர் எண்ணிக்கை ஏறவில்லை. தொந்தரவே தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளைத்தான் பெரும்பாலும் கண்டுபிடித்திருந்தார்கள். எனவே தைராய்டு எண் ஏறுவதைப் பார்த்துத் தண்ணீரையும் மண்ணையும் சந்தேகிக்கும் முன், எத்தனை பேர் ஸ்கேன் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

வாய்ப் புற்று நம் பகுதியில் புதிதாக வந்ததா?

இல்லை, நூறாண்டுக்கும் மேலான பதிவு இருக்கிறது. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் பென்டால், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வாய்ப் புற்று அதில் பெரிய இடத்தைப் பிடித்தது. 1933-ல் ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலையேறிய சோமர்வெல் நெய்யூரில் அறுவை மருத்துவராக இருந்த காலமும் அதுதான். மருத்துவமனைக்கு வந்தவர்களை ஒழுங்காக எண்ணி உலகத்துக்குச் சொன்ன முதல் இடங்களில் நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் அந்தப் பழைய கணக்கையும் மருத்துவமனைக் கணக்காகத்தான் படிக்க வேண்டும். கன்னத்தில் வந்த புண் கண்ணுக்குத் தெரியும், நாறும், சாப்பிட விடாது. அதனால் ஆள் வந்தார். கணையத்திலோ சூலகத்திலோ வந்ததை அன்றைக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே வாய்ப் புற்றின் பங்கு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அப்படியும் வெற்றிலை, புகையிலை மீது அவர்கள் கொண்ட சந்தேகம் சரி என்று பின்னாளைய ஆய்வுகள் உறுதிசெய்தன.

நான் புகையிலை சேர்ப்பதில்லை. வெறும் வெற்றிலை பாக்குதானே?

பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சுருளையும் பாக்கையும் 2004-ல் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய சான்று உள்ளவைதான் அந்த வகையில் வரும். புகையிலை சேர்த்தால் ஆபத்து இன்னும் கூடும். கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குவது மிக மோசம். கடலில் இரவு முழுக்கக் கண்விழிக்கும் தொழிலாளிக்கும், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கும் இது தூக்கத்தையும் பசியையும் தள்ளிப்போடும் துணை. அது எனக்குத் தெரியும், அதனால் "விட்டுவிடு" என்று ஒரு சொல்லில் சொல்லிப் போக மனம் வருவதில்லை. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, மூன்று வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாளே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சும்மா பார்ப்பதால் என்ன பயன் என்று நினைக்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் லான்செட்டில் வெளியானது. இது நடந்தது நமக்கு அடுத்த மாவட்டத்தில், நம்மைப் போலவே வெற்றிலை போடும் மக்களிடம்.

மணவாளக்குறிச்சி மணலால்தான் கேன்சர் வருகிறது என்கிறார்களே?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடற்கரையில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் கேட்கிறார்கள்.

நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டார், அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது. ஆலை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த இயற்கைக் கதிர்வீச்சு இங்கே இருக்கிறது.

இதே போன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் 1990 முதல் மக்கள்தொகைப் பதிவேடு இயங்குகிறது. அங்கே ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து, வீட்டுக்கு வீடு கதிர்வீச்சை அளந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் 1,379 புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அதிகக் கதிர்வீச்சு உள்ள வீட்டுக்காரர்களுக்கு அதிகப் புற்றுநோய் என்ற தொடர்பு தென்படவில்லை. ஆறுதலான முடிவு இது. ஆனால் அந்த 1,379-ல் ரத்தப் புற்று வெறும் 30. அந்தச் சிறு எண்ணை வைத்து ரத்தப் புற்றைப் பற்றி உறுதியாகப் பேச இயலாது. தவிர, மணல்மேல் குடியிருப்பவர் பற்றிய ஆய்வு அது. மணலைத் தோண்டி, பிரித்து, தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் கேள்வி வேறு. சின்னவிளை, பெரியவிளை, மிடாலம், கடியபட்டணம் மக்களுக்கு அவர்கள் ஊரிலேயே எடுத்த கணக்கைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கேட்பது அவர்கள் உரிமை. மருத்துவமனைக் கோப்புகளை மட்டும் வைத்து "மணலால்தான்" என்று சொல்பவரும் "மணலால் இல்லவே இல்லை" என்று சொல்பவரும் கோப்பில் இல்லாததைச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேருக்கு வந்திருக்கிறது. இது தற்செயலா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தியாவில் பிறக்கும் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரக்கூடும் என்பது தேசியப் பதிவேட்டின் மதிப்பீடு. ஆகவே ஒரு நீண்ட தெருவில் பல ஆண்டுகளில் ஆறு பேர் என்பது எங்கும் நடக்கக்கூடியதே. ஆறு பேருக்கும் ஒரே வகைப் புற்றா, எந்தெந்த வயதில், எந்த ஆண்டுகளில், அந்தத் தெருவுக்கு எப்போது குடிவந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். பாட்டிக்கு மார்பகம், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நுரையீரல், எதிர்வீட்டு அண்ணனுக்கு வாய் என்றால் ஒரே காரணம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே அரிய வகை, அதுவும் இளம் வயதில், குறுகிய காலத்தில் என்றால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அதைப் பீதி கிளப்புவது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

மீன், கருவாடு, மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு சாப்பிட்டால் கேன்சர் வருமா?

மருத்துவமனைக் கோப்பில் சாப்பாட்டு விவரம் இருப்பதில்லை, அதனால் அது இதற்குப் பதில் தராது. உப்பு மிக அதிகமாகச் சேர்த்த உணவுக்கும் வயிற்றுப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மீன்குழம்பையும் மரச்சீனியையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது வீடு வீடாகப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அதனால் எண்ணிக்கை கூடாதா?

கூடும், கூடவும் வேண்டும். 2023 இறுதியில் தமிழக அரசு ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்படித் தேடும்போது, இரண்டு வருஷம் கழித்து வலியோடு வந்திருக்க வேண்டியவர் இன்றைக்கே கணக்கில் வருவார். அடுத்த சில ஆண்டுகளில் "குமரியில் புற்றுநோய் திடீர் உயர்வு" என்று செய்தி வந்தால் இதை நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய எண், எத்தனை பேர் முதல் நிலையிலேயே வந்தார்கள் என்பது.

நிலை ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தியாவின் 11 பதிவேடுகளில் மார்பகப் புற்று நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், கட்டி மார்பகத்தோடு நின்றபோதே வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 81 பேர் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தார்கள். அக்குள் நிணநீர்க் கட்டிவரை போன பிறகு வந்தவர்களில் 65. வேறு உறுப்புக்குப் பரவியபின் வந்தவர்களில் 18. நோய் ஒன்றுதான், வந்த நிலைதான் வேறு.

பதிவேட்டில் என் பெயர் இருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடாதா? மகள் கல்யாணம் இருக்கிறது.

பெயரோடு எதுவும் வெளியே போகாது. அறிக்கையில் எண்கள் மட்டுமே வரும்.

பதிவு எழுத வருபவர்களிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

சொந்த ஊரின் பெயர், ஊராட்சி அல்லது பேரூராட்சி, தாலுகா, பின்கோடு. அந்த ஊரில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள் என்பதும் வேண்டும், ஏனென்றால் பொதுவாக ஓராண்டாவது குடியிருந்தவரைத்தான் அந்த ஊர்க்காரராக எண்ணுவார்கள். இதற்கு முன் எங்கே காட்டினீர்கள், முதல் பயாப்சி எங்கே, எப்போது என்பதை மறைக்காதீர்கள். வேறு மருத்துவமனைக்குப் போய்வந்ததைச் சொன்னால் மருத்துவர் கோபப்படுவார் என்று பலர் ஒளிக்கிறார்கள். அப்படி ஒளிக்கும்போது நீங்கள் இரண்டு நோயாளியாகிவிடுகிறீர்கள், சிகிச்சையும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். புகையிலை, பாக்கு, பீடி, சாராயம் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மனைவியின் முன்னால் சொல்லத் தயங்கினால் தனியாகச் சொல்லலாம், கேட்பவர் புரிந்துகொள்வார். தொழிலைக் கேட்டால் "கூலி" என்று நிறுத்தாமல் முந்திரி ஆலையா, ரப்பரா, மணல் ஆலையா, கடல் தொழிலா என்று சொல்லுங்கள்.

வீட்டிலேயே இறந்துபோனவர்கள் கணக்கில் வருவார்களா?

வர வேண்டும், ஆனால் பலர் விடுபட்டுப் போகிறார்கள். சிகிச்சை முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டு வீட்டில் காலமானவரின் மரணத்தைப் பதியும்போது, காரணம் என்ற இடத்தில் "வயோதிகம்" என்றோ "மாரடைப்பு" என்றோ எழுதிவிடுகிறார்கள். மக்கள்தொகைப் பதிவேடு இறப்புப் பதிவுகளையும் தேடும். நோயின் பெயர் அங்கே இல்லையென்றால், மருத்துவமனைக்கே போகாதவரைப் பற்றித் தெரியவே வழியில்லை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ பேரூராட்சி அலுவலகத்திலோ பதியப் போகும் மகனோ மருமகனோ, மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். எந்த உறுப்பில் புற்று என்று அதில் எழுதியிருக்கும், அதையே காரணமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.